பெங்களூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் நடுவே ஒரு கிட்டார்

ஒரே ஆல்பத்தில் இரண்டு பாடல்கள். ஒன்றின் பெயர் ‘எரப்ஷன் இன் பெங்களூர்’. இன்னொன்றின் பெயர் ‘டார்க் சண்டே இன் ட்ரிப்ளிகேன்’. முதல் பெயரைக் கேட்டதும் ராக் ரசிகர்களுக்கு எட்டி வேன் ஹேலன் நினைவுக்கு வந்துவிடுவார். 1978-ல் உலகத்துக் கிட்டார்காரர்களின் தூக்கத்தையெல்லாம் கெடுத்த ‘எரப்ஷன்’ அவர் வாசித்தது. இரண்டாவது பெயரைக் கேட்டால் நமக்குப் பார்த்தசாரதி கோயில் வீதிதான் கண்ணில் நிற்கும். இரண்டையும் வாசித்தவர் ஒரே ஆள்: கிட்டார் பிரசன்னா. 2006-ல் வந்த அந்த ஆல்பம் ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’. ராக் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு நம்ம ஊர்க்காரர் ஒருவர் போட்ட பெரிய கும்பிடு அது.

நம்ம ஊர்க்காரர் என்று சும்மா சொல்லவில்லை. வரைபடத்தைக் கொஞ்சம் எடுங்கள். பெங்களூரிலிருந்து சென்னைக்கு வந்த பழைய தேசிய நெடுஞ்சாலை 4-ஐ விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். கோலார், முல்பாகல், பலமனேர், சித்தூர், ராணிப்பேட்டை, வாலாஜாப்பேட்டை, காஞ்சிபுரம், சென்னை. ஒரு முனையில் இந்தியாவின் ராக் தலைநகரம். அயர்ன் மெய்டன் குழு 2007-ல் இந்தியாவில் முதன்முதலாக மேடை ஏறியதே பெங்களூரில்தான். மறுமுனையில் மார்கழிக் கச்சேரிகளின் தலைநகரம். நடுவழியில் இருக்கிற ராணிப்பேட்டைதான் பிரசன்னா வளர்ந்த ஊர். அந்த ஆல்பத்தின் இரண்டு பாடல்களும் இந்தச் சாலையின் இரண்டு முனைகளிலேயே பெயர் வாங்கி நிற்கின்றன! இது தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாம், வாருங்கள். கிட்டாருக்கு உள்ளே, விரல் நுனியில், பாடசாலையில், ஒலிப்பதிவில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு கதவாகத் திறப்போம்.

முதல் கதவு: இந்த மண்ணின் காது

சித்தூரும் ராணிப்பேட்டையும் இன்றைக்கு இரண்டு வேறு மாநிலங்களில் இருக்கின்றன. 1911 வரை இரண்டும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். அதன் தலைநகரமாக இருந்ததே சித்தூர்தான். மாவட்டம் பிரிந்தது, பிறகு மாநிலம் பிரிந்தது, 2022-ல் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் சித்தூர்க் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் மாறி மாறி வருவது நிற்கவில்லை. இரண்டு மொழியை ஒன்றோடொன்று குழப்பாமல், ஆளுக்குத் தக்கபடி சட்டென்று மாற்றிப் பேசுகிற பழக்கம் இங்கே குழந்தைகளுக்கே உண்டு. இசையிலும் அப்படி ஒருவர் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இந்த வட்டாரத்தின் தாளக் காதும் லேசுப்பட்டதல்ல. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை என்ற பெயரைக் கேட்டதும் பழைய ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1898-ல் பிறந்தவர், 1954-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர், நம்முடைய மதுரை சோமுவின் குரு. அவருடைய குரு காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. நாயனா பிள்ளையின் கச்சேரிக்கு ‘ஃபுல் பெஞ்ச்’ என்றே பெயர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், வாயால் ஜதி சொல்லும் கொன்னக்கோல் என்று தாளக்காரர்களே மேடையை நிறைத்துவிடுவார்கள். நடுவில் உட்கார்ந்து பாடுகிறவருக்குக் கணக்கு ஒரு மாத்திரை பிசகினாலும் தப்பிக்க வழியில்லை.

இந்த ஃபுல் பெஞ்சை மறந்துவிடாதீர்கள். ஐந்தாம் கதவுக்குள் இது மறுபடி வரும்.

இரண்டாம் கதவு: கிட்டாருக்கு உள்ளே

எலக்ட்ரிக் கிட்டாரின் வயிற்றில் என்ன இருக்கிறது? காந்தம். அதைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. இதற்குப் பெயர் பிக்கப். மேலே உலோகத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் கலைகிறது. செம்புச் சுருளில் துளியூண்டு மின்சாரம் பிறக்கிறது. அது கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ப் பூதமாகிறது. அவ்வளவுதான் ரகசியம்! நைலான் தந்தியைக் கட்டினால் இந்தக் காந்தம் ஒன்றும் செய்யாமல் சும்மா கிடக்கும்.

திருவிழா மேடைகளில் பாட்டு ஆரம்பிக்கும் முன்பே ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்டிருப்பீர்கள். நம் வீட்டு மின்சாரம் ஒரு நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஆடித் திரும்புகிறது அல்லவா, அந்த அதிர்வையும் பிக்கப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு வைத்தியம் கண்டுபிடித்தவர் கிப்சன் கம்பெனியில் இருந்த சேத் லவர். 1955-ல் இரண்டு சுருள்களை எதிரெதிராகப் பக்கத்தில் வைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மாய்ந்தது, தந்தியின் நாதம் மட்டும் மிஞ்சியது. அதன் பெயரே ஹம்பக்கர்.

இனிமேல்தான் உண்மையான சிக்கல். கிட்டாரின் கழுத்தில் ஃப்ரெட் என்கிற உலோகக் கட்டைகள் இருக்கின்றன. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டி, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கட்டை. விரலை வைத்தால் அந்தச் சுரம் அங்கேயே உறைந்து நிற்கும். நம் ராகத்துக்கு அது போதுமா?

தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா விட்ட தந்தியை ஸட்ஜமாக வைத்தால், முதல் கட்டையில் ரிஷபம், மூன்றாம் கட்டையில் காந்தாரம், ஐந்தாம் கட்டையில் மத்யமம். மூன்றாம் கட்டையில் விரலை வைத்து நேராக மீட்டிப் பாருங்கள். சுரம் சரிதான், தோடியைத்தான் காணோம்! ஏனென்றால் தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஆளே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையில் ஊசலாடிக்கொண்டே இருப்பதுதான் அதன் உயிர். கிட்டார் கொடுப்பது மாடிப்படி, தோடி கேட்பது சறுக்குமரம்.

மூன்றாம் கதவு: விரல் நுனி

வீணைக்கும் மெட்டுகள் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, இருபத்து நான்கு. ஆனால் வீணையில் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்து, ஒரே இடத்திலிருந்து பல சுரங்களை எட்டிவிடலாம். கிட்டாரின் கழுத்து ஒடுக்கம். தந்தியும் வேறு இழுவையில் கட்டியிருக்கிறது. ராக்காரர்கள் ‘பெண்ட்’ என்று தந்தியை வளைப்பது பெரும்பாலும் ஒரு சுரம், மிஞ்சினால் ஒன்றரை. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் வீணை பயின்றவர். 1970-களில் ‘சக்தி’ குழுவுக்காக அவர் வாசித்த கிட்டாரில் கட்டைகளுக்கு நடுவே மரத்தையே குழிவாகச் செதுக்க வைத்தார். விரல் மரத்தில் முட்டாமல் தந்தியை இன்னும் ஆழமாக வளைக்கத்தான் அந்த ஏற்பாடு.

பிரசன்னா கர்நாடகக் கச்சேரி வாசிக்கிற காட்சி கிடைத்தால் இடது கையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். மேடையில் சம்மணம் போட்டிருப்பார், மடியில் எலக்ட்ரிக் கிட்டார், பக்கத்தில் மிருதங்கம். விரல் ஒரு கட்டையிலிருந்து தூக்கப்பட்டு இன்னொன்றில் வைக்கப்படுவதில்லை. தந்தியோடு ஒட்டியபடியே வழுக்கிப் போகிறது, திரும்பி வருகிறது, பாதியில் நின்று நடுங்குகிறது. இதில் நுட்பம் எங்கே இருக்கிறது தெரியுமா? வழுக்கும்போது விரல் அதிகமாக அழுத்தினால் கடக்கிற ஒவ்வொரு கட்டையும் ‘டக் டக்’ என்று தன் இருப்பைக் காட்டிக்கொடுக்கும். அழுத்தம் குறைந்தால் நாதமே செத்துவிடும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடம்தான் உண்டு. அந்த இடத்தில் விரல் ஓடும்போது படிகள் மறைந்து ஜாரு என்கிற வழுக்கல் மட்டும் காதில் விழுகிறது. கேட்கிற நமக்குக் கிட்டார் மறந்தே போகிறது, ராகம் மட்டும் நிற்கிறது.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த ரகசியம். ராக் இசை கர்நாடக இசைக்கு ஒரு பெரிய உபகாரம் செய்திருக்கிறது. மரக் கிட்டாரில் ஒரு தந்தியை மீட்டினால் ஒலி மளமளவென்று தேய்ந்துவிடும். சுரத்தை அசைத்து வாசிக்கிற நீண்ட கமகத்தை முடிக்கும் முன்பே மூச்சு போய்விடும். ஆம்ப்ளிஃபயரைத் தாங்க முடியாத அளவுக்கு முடுக்கினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. ராக்காரர்கள் ‘டிஸ்டார்ஷன்’ என்று கொண்டாடுகிற கரகரப்பு அதுதான். அதனால் இன்னொன்றும் நடக்கிறது: பெரிய ஒலிக்கும் சிறிய ஒலிக்கும் வித்தியாசம் சுருங்கி, தேய வேண்டிய நாதம் நீண்டு நிற்கிறது. ஒரே மீட்டில் ஐந்தாறு சுரங்கள் பாடகர் மூச்சுப் பிடிப்பது போலத் தொடர்ந்து வரும். ஹெண்ட்ரிக்ஸ் கூட்டத்தை மிரட்டிய அதே சாமான் இங்கே ராகத்துக்கு மூச்சுக் கொடுக்கிறது. இதை முதன்முதலாகப் புரிந்துகொண்டபோது நான் துள்ளிக் குதித்தேன். இன்னும் குதித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான்காம் கதவு: இரண்டு பள்ளிக்கூடம்

பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். அந்த வளாகத்தின் கல்லூரி விழாவுக்கு அப்போது ‘மார்டி கிரா’ என்று பெயர். இன்றைய ‘சாரங்’ அதுதான். திறந்தவெளி அரங்கில் ராக் குழுக்கள் மோதிக்கொள்வதைப் பார்ப்பதற்கென்றே ஊரெல்லாம் இளைஞர்கள் திரண்டு வருவார்கள். ராக் பழக அதைவிட நல்ல இடம் சென்னையில் வேறு ஏது?

அதே மனிதர் திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் வித்வான் அ.கன்யாகுமரியிடமும் கர்நாடக இசை கற்றார். கன்யாகுமரி அம்மா ஆந்திரத்தின் விஜயநகரத்துக்காரர், எம்.எல்.வசந்தகுமாரியின் சிஷ்யை, 2016-ல் சங்கீத கலாநிதி ஆனவர். கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸஃபோனுக்குப் பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசித்தவர். மேல்நாட்டு வாத்தியம் நம் ராகத்துக்குள் வரும்போது எங்கே இடறும், எங்கே பிடி கிடைக்கும் என்று பக்கத்திலிருந்தே பார்த்த கை அது. ஒரு கிட்டார்காரருக்கு இதைவிடப் பொருத்தமான குருவை யாராலும் தேடிக் கொடுத்திருக்க முடியாது!

ஆந்திரத்திலிருந்து இன்னொரு முன்னோடியும் உண்டு. பாலகொல்லுவில் பிறந்த யு.ஸ்ரீநிவாஸ் மாண்டலினின் இரட்டைத் தந்திகளை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கட்டி, மின்சாரமும் சேர்த்து, சிறுவனாகவே சபாக்களை மயக்கினார். கிட்டாரில் சுகுமார் பிரசாத் முன்பே கர்நாடக இசை வாசித்துக் காட்டியிருந்தார். அதனால் பிரசன்னா வந்தபோது வாசல் முழுக்க அடைத்திருக்கவில்லை.

பிறகு அமெரிக்காவின் பாஸ்டன். பெர்க்லி இசைக் கல்லூரி. அங்கே ஜாஸும் மேல்நாட்டுச் செவ்வியல் இசையமைப்பும் படித்து உயர்ந்த தகுதியோடு பட்டம் வாங்கினார். ஏற்கெனவே கச்சேரி வாசிக்கத் தெரிந்த வித்வான் மறுபடி மாணவனாகி, ஒத்திசையை முதலிலிருந்து எழுதிப் படித்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். தன் பாட்டுக்கு மேல் கொஞ்சம் டிஸ்டார்ஷன் தூவி ‘ஃப்யூஷன்’ என்று விற்க எத்தனையோ சுலப வழி இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. கர்நாடக இசைக்கு ஒரு பள்ளிக்கூடம், ஜாஸுக்கு ஒரு பள்ளிக்கூடம், இரண்டிலும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பம். அவர் வாழ்க்கையில் நான் கண்ட மிகப் பெரிய ரகசியம் இதுதான்.

ஐந்தாம் கதவு: ‘கணேஷா’வின் சமையலறை

ஹெண்ட்ரிக்ஸ் தன் வாழ்நாளில் கடைசியாக வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பம் 1968-ல் வந்த ‘எலக்ட்ரிக் லேடிலேண்ட்’. பிரசன்னா தன் ஆல்பத்தில் அந்தச் சீமாட்டி இடத்தில் பிள்ளையாரை உட்கார வைத்துவிட்டார். ‘தேர்ட் ஸ்டோன் ஃப்ரம் தி சன்’ ஹெண்ட்ரிக்ஸின் பாட்டு. இவர் ‘ஃபோர்த் ஸ்டோன் ஃப்ரம் தி சன்’ என்று ஒரு கிரகம் தாண்டிப் போகிறார். ‘ஸ்ரீ ஜிமி’ என்று ஹெண்ட்ரிக்ஸின் பெயருக்கு முன்னால் மரியாதை போட்டே ஒரு பாட்டு. ‘ஸ்நேக்பேங்கர்ஸ் பால்’ என்று இன்னொன்று. பெயர்களிலேயே இவ்வளவு கொண்டாட்டம். சித்தூருக்குப் பக்கத்துக் காணிப்பாக்கத்தில் கிணற்றுக்குள் எழுந்தருளியிருக்கும் வரசித்தி விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஹெட்ஃபோனில் இந்த ஆல்பத்தை ஓட விட்டால், அந்த நாள் முழுக்க முகத்தில் சிரிப்பு இறங்காது.

இப்போது ஃபுல் பெஞ்சுக்கு வருவோம். இந்த ஆல்பத்தில் ராக் கிட்டாரின் இரைச்சலுக்கு எதிரே நம் தாளவாத்தியங்கள் நிற்கின்றன. தவில்! கோயில் வீதியில் ஒலிபெருக்கி இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கிற வாத்தியம் ஹெவி மெட்டல் கிட்டாருக்குச் சளைக்குமா? கஞ்சிராவின் உறுமல் ஒரு பக்கம், கடத்தின் மண் ஓசை ஒரு பக்கம். ராக் பாடல்கள் பெரும்பாலும் நாலு அடியில் நடக்கும். இங்கேயோ ஐந்தும் ஏழும் புகுந்து, சுற்றி வளைத்து, கடைசியில் தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து ‘டம்’ என்று இறங்கும்போது உடம்பே ஒரு முறை உலுக்கிப் போடும். நாயனா பிள்ளையும் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும் கட்டிக் காத்த தாளப் படை வேறொரு காலத்தில் வேறொரு வேஷத்தில் வந்து நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஹெண்ட்ரிக்ஸும் நம் இசையும் அருகருகே நின்றது இது முதல் தடவையும் இல்லை. 1967 ஜூன் 18, கலிஃபோர்னியாவின் மான்டரே விழா. மதியம் ரவிசங்கர் சிதார் வாசித்தார். அதே நாள் இரவு, அதே மேடையில் ஹெண்ட்ரிக்ஸ் தன் கிட்டாருக்குத் தீ வைத்தார். அன்றைக்கு ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறினார்கள். ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து இரண்டு இசையும் ஒரே கிட்டாரில் ஏறி உட்கார்ந்தன.

ஆறாம் கதவு: கூட்டாளிகள்

இவரோடு யார் யார் வாசித்தார்கள் என்று பார்த்தால் இன்னும் கிறுகிறுப்பு. ‘ஜர்னி’ என்ற அமெரிக்க ராக் குழுவின் பாட்டுகள் இன்றும் உலகமெங்கும் ஒலிக்கின்றன. அதன் டிரம்மராக இருந்த ஸ்டீவ் ஸ்மித் கொன்னக்கோல் படித்தவர். வாயால் ‘தகதிமி’ சொல்லிக்கொண்டே டிரம்ஸ் வாசிப்பார்! அவரும் சாக்ஸஃபோன் கலைஞர் ஜார்ஜ் புரூக்ஸும் பிரசன்னாவும் சேர்ந்ததுதான் ‘ராகா பாப் ட்ரியோ’. 2010-ல் ஆல்பம் வந்தது.

அடுத்த வருஷமே ‘தீர்த்தா’. பியானோவில் விஜய் ஐயர், தபலாவில் நிதின் மித்தா, கிட்டாரில் பிரசன்னா. விஜய் ஐயர் அமெரிக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை, ஜாஸ் உலகத்தில் இன்று முதல் வரிசை. இங்கே கிட்டார் கத்துவதில்லை. பியானோ விட்டுவைத்த இடைவெளிக்குள் நிதானமாக நுழைகிறது. ‘கணேஷா’வில் மேடையை அதிரவைத்தவர்தானா இவர் என்று கேட்கத் தோன்றும்.

சினிமாவும் உண்டு. உதட்டுப் பிளவோடு பிறந்த வட இந்தியக் கிராமத்துச் சிறுமி ஒருத்தியின் கதை ‘ஸ்மைல் பிங்கி’. மேகன் மைலன் எடுத்த அந்தக் குறும் ஆவணப்படம் 2009 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கியது. அதற்கு இசை பிரசன்னா. அதே இரவில்தான் ஏ.ஆர்.ரஹ்மான் இரண்டு ஆஸ்கர்களைக் கையில் ஏந்தினார். ரஹ்மானின் வெற்றியை வீதி வீதியாகக் கொண்டாடினோம். அதே விழாவில் வென்ற இன்னொரு படத்தில் ராணிப்பேட்டைக்காரரின் இசை இருந்ததை எத்தனை பேர் கவனித்தோம்? கொண்டாட்டத்தில் ஒரு பங்கு பாக்கி இருக்கிறது, இப்போதாவது கொடுத்துவிடுவோம்.

2010-ல் சென்னைக்குத் தெற்கே செய்யூர்ப் பக்கம் ஸ்வர்ணபூமி இசைப் பள்ளி தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பும் இவரிடம் வந்தது. ராக்கும் ஜாஸும் கர்நாடக இசையும் ஒரே கூரையின் கீழ். பாஸ்டன் வரை போய்க் கற்றதை நம் கடலோரத்துக்கே கொண்டுவந்து மாணவர்களுக்கு முன்னால் வைத்தார்.

உங்களுக்கு ஒரு வேலை

எப்படிக் கேட்க ஆரம்பிப்பது? என் யோசனை இது. முதலில் இவருடைய கர்நாடகக் கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேளுங்கள். ஆலாபனையில் விரல் வழுக்குகிற இடங்களைக் காதால் பிடியுங்கள். அடுத்து ‘டார்க் சண்டே இன் ட்ரிப்ளிகேன்’. அதே கமகம் கரகரப்புக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். கடைசியில் ‘எரப்ஷன் இன் பெங்களூர்’, ஒலியைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்து! இந்த வரிசையில் கேட்டால் இரண்டு இசையும் இவர் கையில் ஒன்றுக்கொன்று மரியாதை கொடுத்து நடப்பது தெரியும்.

சித்தூரிலும் திருப்பதியிலும் கிட்டார் பையை முதுகில் மாட்டிக்கொண்டு திரிகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அன்னமய்யா பாடிய மலையின் அடிவாரத்தில், 1959-லிருந்து தேவஸ்தானத்தின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா இசை, நாட்டியக் கல்லூரி நடக்கிறது. வீணை என்ன செய்கிறது என்று அருகில் உட்கார்ந்து கேட்க உங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. யூடியூபில் ஹெண்ட்ரிக்ஸ் சோலோ பழகுங்கள், நன்றாகப் பழகுங்கள். அதற்குக் கொடுக்கிற அதே நேரத்தைத் தோடியின் காந்தாரத்துக்கும் கொடுங்கள். பிரசன்னாவை உருவாக்கியது இந்த இரட்டை உழைப்புதான். வட ஆற்காட்டு மண்ணுக்கு இரண்டு மொழி புதிதல்ல, இரண்டு இசையும் அதற்குப் பாரமாகாது. அடுத்த எலக்ட்ரிக் கிட்டார் இந்தச் சாலையின் எந்த ஊரிலிருந்து வரப்போகிறது என்று கேட்க நான் இப்போதே தயார்!